இரண்டாவது கேசட்தான் உசத்தி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில் என் மகன் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜும் முடித்துவிட்டான். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் பேனாவைச் சாமிமுன் வைத்து, இந்த வருஷம் எழுதிவிடுகிறேன் தாயே என்று வேண்டிக்கொள்வேன். மறுநாளே அந்தப் பேனா மளிகைச் சாமான் எழுதப் போய்விடும். சோம்பலால் வந்த தயக்கம் இல்லை. எழுதினால் என் அம்மாவுக்கு மனசு நோகும் என்ற பயம். போன மாதம் அம்மாவே சொல்லிவிட்டாள்: "எழுதுடி. நான் போனப்பறம் எழுதுனா, ஆமான்னு சொல்லவும் நான் இருக்க மாட்டேன், இல்லைன்னு சொல்லவும் இருக்க மாட்டேன்." இனி எனக்கு யார் தயவும் வேண்டாம்.

நான் பத்தாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்கிற விஷயத்தில் பிழை இருக்காது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். அந்த விளக்கின் முன் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டேப் ரிக்கார்டருக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இது. சின்னப் பிள்ளைகளும் படிக்கட்டும். அவர்களுக்காகத்தான் இவ்வளவு கோபம்.

விஷயம் இதுதான். என் தாய்மாமா ஒரு ராப் பாடகர். சிரிக்காதீர்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த நாளில் அவர் மூன்று கேசட் பேசி அனுப்பினார். அதில் முதலாவதும் மூன்றாவதும் இப்போது பிள்ளைகளின் போனில் எல்லாம் ஓடுகின்றன. பட்டுக்கோட்டை கேசட் கடைக்காரர் அந்தக் காலத்தில் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து யாரோ ஏற்றிவிட்டார்கள். இதற்குப் பெயர் மிக்ஸ்டேப் என்று என் மகன்தான் எனக்குச் சொன்னான். அவனும் அவன் கூட்டாளிகளும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து எது உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள்.

"மொத டேப்புல ஒரு வெறி இருக்குடா. பக்கெட்டத் தட்டி பீட்டு போட்டிருக்காரு மனுஷன்."

"போடா. மூணாவதுல ஃப்ளோவப் பாரு. எங்கயாச்சும் மூச்சு வாங்குறாரா?"

"அப்ப ரெண்டாவது?"

"அது சுமாரா வந்துச்சுன்னு அவரே அழிச்சிட்டாராம்."

என் கையில் காபித் தட்டு இருந்தது. அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, "எவன்டா சொன்னான்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா போட்டிருக்காங்க" என்றான் மகன்.

எல்லாரும் போட்டிருக்கிறார்களாம். அந்தக் கேசட்டை முழுதாகக் கேட்ட காது, பேசிய மாமாவைத் தவிர்த்தால், இந்த உலகத்தில் என்னுடையது ஒன்றுதான்.

அந்தக் காலத்துப் பழக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களோடு போனில் பேசுவது லேசில் நடக்காது. அதனால் கேசட். லீவில் ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் பெட்டியில், கோடாலித் தைலத்துக்கும் சோப்புக் கட்டிக்கும் நடுவே நம் வீட்டுக் கேசட் இருக்கும். அதைத் திறந்தாலே சோப்பு வாசம் அடிக்கும். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பேச்சு. நான் நல்லா இருக்கேன், நீங்கல்லாம் நல்லா இருக்கீங்களா என்று தொடங்கி, பெரியவர்களை வரிசையாகக் கேட்டு, வயலைக் கேட்டு, மாட்டைக் கேட்டு முடிக்க வேண்டும். மிச்சம் இடம் இருந்தால் ஏதாவது பாட்டு பதிந்திருக்கும். பேச்சுதான் கடுதாசி. பாட்டு சும்மா இடம் நிரப்ப. பேச்சு முடிந்ததும் பெரியவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். பாட்டு எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு.

பதிலும் அதே கேசட்டில்தான். அவர் பேசியதன் மேலேயே நாம் பேசி, திரும்பிப் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புவோம். ஒரே கேசட் கடலைத் தாண்டித் தாண்டித் தேய்ந்து, கடைசியில் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும்.

முதல் கேசட் வந்தது ஆடியில். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்த நேரம். எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. மாமா முறைப்படி எல்லாரையும் விசாரித்து முடித்தார். பெரியவர்கள் எழுந்துகொள்ளப் போகும்போது பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. அதன் மேல் மாமாவின் குரல், பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல், நெல் மூட்டை அவிழ்ந்து கொட்டுவது போல வந்தது.

"வாய்க்காலுல தண்ணி வந்து வளைவு தாண்டிப் போயிருக்கும்,
வண்டிக்காரர் மாடு வந்து வைக்கப்போரத் தின்னுருக்கும்,
பால்காரம்மா பாலுக்குள்ள பாதி ஆறு சேர்ந்திருக்கும்,
அத்தான் போட்ட நெல்லு மட்டும் அத்தான் போலக் குனிஞ்சிருக்கும்!"

பால்காரம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். "அடப்பாவி, கடல் தாண்டிப் போயும் என் பால வுடலியா!" என்று அவர் மாரில் அடித்துக்கொண்டதும் கூடமே குலுங்கியது. அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னொருக்கா போடு ஆயி" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அங்கே கூட வேலை பார்த்த மலேசியாத் தமிழர் ஒருவர் இங்கிலீஷில் இப்படிக் கடகடவென்று சொல்கிற கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினாராம். நம்ம ஊர்ப் பேச்சிலும் இதைச் செய்யலாமே என்று மாமாவுக்குத் தோன்றியிருக்கிறது. ராப் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. கடகடப் பாட்டு என்போம்.

இவ்வளவு நல்ல கேசட்டின் மேல் பதில் பேசக் கூடாது என்று வீட்டில் முடிவாயிற்று. புதுக் கேசட் வாங்க அப்பா பட்டுக்கோட்டைக்குப் போனார். நானும் மாமாவின் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் கேரியரில் போனேன். கடைக்காரர் மாமாவின் கேசட்டைப் போட்டுக் கேட்டு, தனக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்டார். அது ஓடி முடிகிறவரை எனக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் குட்டிப் பல் மாதிரி பிளாஸ்டிக் இருக்குமே, அது.

"இத ஒடச்சிட்டா பாப்பா, இதுமேல யாரும் எதுவும் பதிய முடியாது. சாமி பாட்டு கேசட்டெல்லாம் பாரு, பல்லு இல்லாமத்தான் வரும்."

அதை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கேசட் ஐப்பசியில் வந்தது. நடவு முடிந்து விடாமல் மழை. மேலத்தெரு சித்தப்பா கொண்டு வந்தார். அவரும் மாமாவோடு அதே பட்டறையில் வேலை பார்த்தவர். "எப்படி இருக்கான் எங்க தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, "அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான்" என்றார். அவர் தன் வீட்டில் தன்னைப் பற்றியும் அதையேதான் சொல்லியிருப்பார். லீவில் வருகிற ஆம்பிளைகள் அதைத் தவிர வேறு என்ன சொன்னார்கள்?

அந்தக் கேசட்டில் பேச்சு கொஞ்சம்தான். நல்லா இருக்கேன், எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்க. அவ்வளவு. பிறகு தவில். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் தவில். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் வந்த தீமிதித் திருவிழாவில் மாமா எங்கள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தது. அடியைக் கேட்டதும் அம்மா கை தானாகக் கும்பிட்டது. அந்த மேளத்தின் மேல் மாமாவின் குரல் ஏறியது.

"லாரி மேல நிக்கிறேன், ஆட்டப்போல நிக்கிறேன்..."

அப்பா எழுந்து டக்கென்று நிறுத்தினார்.

"என்னா இது? அம்மன் மேளத்து மேல ஏறி நின்னு கத்துறான் ஒன் தம்பி? குடிச்சிட்டானா?"

"கூட இருக்கறவனுங்க சேர்க்க சரியில்லீங்க" என்றாள் அம்மா. முகம் செத்துவிட்டது அவளுக்கு. "மொத கேசட்டு எவ்வளவு நல்லா இருந்துச்சு."

"இத இனிமே இந்த வூட்ல போடக் கூடாது."

அப்பாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மாலை போட்டால் செருப்புப் போடாமல் நடந்தவர். சாமிக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று பயந்தார். ஆனால் அவர் தப்பாகத்தான் நினைத்தார். அதை அவர் பெண்ணாகிய நான் சொல்லலாம்.

வயலில் தேங்கிய தண்ணீரை வடிக்க அம்மாவும் அப்பாவும் போகிற மத்தியானங்களில் நான் அந்தக் கேசட்டைக் கேட்டேன். உறையைக் கழற்றி, சத்தத்தைக் குறைத்து, பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டு. மழைச் சத்தத்துக்கும் ஓட்டிலிருந்து ஒழுகுகிற சத்தத்துக்கும் நடுவே மாமா பேசினார். தவிலில் ஒரு சுற்றை மட்டும் எடுத்து, நிறுத்தி, திரும்பப் பதிந்து, திரும்பப் பதிந்து ஓடவிட்டிருந்தார். ஒவ்வொரு சுற்று முடிகிற இடத்திலும் 'டக்' என்று பொத்தான் சத்தம் கேட்கும். பின்னால் யாரோ இருமுவது கேட்கும். தட்டு வைக்கிற சத்தம். நான் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியது இது:

"லாரி மேல நிக்கிறேன், ஆட்டப்போல நிக்கிறேன்,
மழை அடிச்சா நனையிறேன், வெயில் அடிச்சா காயிறேன்,
கப்பலோட வயித்துக்குள்ள கரும்புகையத் திங்கிறேன்,
கேட்டவங்க எல்லாருக்கும் நல்லாருக்கேன்ங்கிறேன்.

ஆத்தா ஒன் மேளம் இது, அதிர அதிரக் கேக்குறேன்,
அக்கா காதத் தொறந்து வையி, அழுதழுது பேசுறேன்.
நாத்தப் புடுங்கிக் கொண்டாந்து உப்புத்தண்ணியில நட்டா
வேரு புடிக்குமா சொல்லு, வேரு புடிக்குமா?"

இதற்கு அடுத்து ஒரு வரி உண்டு. அதை மறந்துவிட்டேன். எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. என் மகனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே ஒருநாள் சொல்லிப் பார்த்தபோது அந்த வரி மட்டும் இல்லை. அதற்குப் பிறகு இது:

"வந்துடறேன் அக்கா நான், வந்துடறேன் அக்கா,
வரப்பு மேல ஓரமா எனக்கு எடம் இருக்குமா?"

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்தவள். ஒருநாள் அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே எழுந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் எங்களுக்கு இதே சண்டை.

"மொத கேசட்டுதான்டி கேசட்டு. அதுல கடைசியில எங்க ஆடு வருதுல்ல, ஒனக்குப் பொறாமை."

"ஆடு வந்தா உசத்தியா?"

"சிரிப்பு வந்தா உசத்தி."

"ரெண்டாவதுல மேளம் இருக்கு."

"மேளம் அடிச்சா சாமி ஆடலாம். ஒங்க மாமா ஏன்டி அழுவுது?"

அவளுக்கும் அழுகை கேட்டிருக்கிறது, பாருங்கள். அழுகை இருந்தால் அது மட்டமான பாட்டு என்று நினைத்துவிட்டாள். எனக்கு அன்றைக்கே தெரிந்தது. முதல் கேசட்டில் மாமா ஊரில் இருக்கிற எல்லாரையும் பேசினார், தன்னைப் பேசவில்லை. இரண்டாவதில்தான் மாமா இருந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா வந்துடறேங்குது."

"எங்க சொன்னான்?"

"அந்த கேசட்டுல. பாட்டுல."

"பாட்டுல ஆயிரம் சொல்லுவான். பாலுல ஆறு இருக்குன்னுகூடச் சொன்னான். வரணும்னா பேசுற எடத்துல சொல்ல மாட்டானா?"

"இல்லம்மா, அழுவுதும்மா."

"அத ஏன்டி போட்டுக் கேட்ட? அப்பாகிட்ட சொல்லவா?"

அவள் பேச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊர் முறை அதுதான். பேச்சு கடுதாசி, பாட்டு விளையாட்டு. முறையைத் தெரிந்தவள் முறைப்படி கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த முறை தெரியாத பிள்ளைக்குத்தான் விஷயம் விளங்கியது.

மேலத்தெரு சித்தப்பா திரும்பிப் போகும் நாள் வந்தது. பதில் பேச வேண்டும். எந்தக் கேசட்டில்? நல்ல கேசட் பெட்டியில் பத்திரமாக இருந்தது. புதுக் கேசட் வாங்க இந்த மழையில் பட்டுக்கோட்டைக்கு யார் போவது? மட்டமான கேசட் ஒன்று சும்மாதானே கிடக்கிறது. எது உசத்தி எது மட்டம் என்பது வெட்டிப் பேச்சு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இல்லை. மட்டம் என்று சொல்லிவிட்டால் அதன் மேல் எதையும் பதியலாம்.

பதியப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். சாக்கு தைக்கிற கோணி ஊசியால் முதுகில் இருந்த இரண்டு பல்லையும் நெம்பி உடைத்தேன். சாமி பாட்டுக் கேசட் போல ஆக்கிவிட்டேன். திரும்ப வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்தேன்.

அப்பா சிவப்புப் பொத்தானை அமுக்கினார். இறங்கவில்லை. மறுபடி அமுக்கினார். "பெட்டி கெட்டுப்போச்சா?" என்று தட்டிப் பார்த்தார். வாசலில் காத்திருந்த மேலத்தெரு சித்தப்பா உள்ளே வந்து கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பல்லு ஒடஞ்சிருக்குங்க அண்ணே. இதுக்கு வழி இருக்கு." பேப்பரைக் கிழித்து மடித்து அந்தப் பள்ளத்தில் அடைத்தார். பொத்தான் இறங்கிவிட்டது.

"யாரு ஒடச்சது?" என்றார் அப்பா.

"நான்தான்" என்றேன்.

"ஏன்?"

"அதுமேல பேசக் கூடாது. மாமா உள்ள இருக்கு."

அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சித்தப்பா சிரித்தார். பதிவு தொடங்கியது. அப்பா வயலைச் சொன்னார். அம்மா, "தம்பி, ஒனக்குப் பொண்ணு பாத்துட்டோம்டா, நல்ல எடம், நீ மனச அலையவுடாம இன்னும் கொஞ்ச காலம் அங்கயே இரு, கல்யாணத்துக்கு வந்தாப் போதும்" என்றாள். ஒவ்வொரு சொல்லும் மாமாவின் வாயில் மண் போடுவது போல எனக்கு இருந்தது. கடைசியில் என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்கள்.

"மாமாகிட்ட ரெண்டு வார்த்த பேசு ஆயி."

நான் வாயைத் திறக்கவில்லை. தொடையில் கிள்ளினாள் அம்மா. அப்போதும் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் அந்த இடத்தில் மாமாவின் குரல் அழியாமல் மிச்சம் இருக்கும் என்று நம்பினேன். சக்கரம் சுற்றினால் பேசினாலும் பேசாவிட்டாலும் அழியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கொல்லையில் கோழி ஒன்று கத்தியது. அது பதிந்தது.

மூன்றாவது கேசட் மாசியில் வந்தது. அறுப்பு முடிந்து வீட்டில் நெல் இருந்தது, எல்லார் முகத்திலும் தெளிவு இருந்தது. இந்தக் கேசட்டில் பேச்சு நிறைய. பாட்டும் உண்டு. பக்கெட்டும் இல்லை, தவிலும் இல்லை, யாரோ கீபோர்டு வாசித்திருந்தார்கள்.

"காவேரித் தாயவளே, கழனியெல்லாம் பச்சையடி,
அக்கா கையிச் சோத்துக்கு அந்த நாட்டில் ஈடேதடி,
நல்லாருக்கேன் நல்லாருக்கேன், நாளும் நல்லாருக்கேன்..."

"இதுதான்டா பாட்டு!" என்றார் அப்பா. பட்டுக்கோட்டைக்கும் போய்ப் பதிவானது. மாமாவின் கல்யாணத்தில் குழாய் ஸ்பீக்கரில் இதைத்தான் போட்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் சொல்கிறார்களே, எங்கேயும் மூச்சு வாங்கவில்லை என்று. உள்ளே ஆள் இருந்தால்தானே வாங்கும்? இரண்டாவது கேசட்டில் பயந்துகொண்டு, ஒளிந்துகொண்டு, தவிலுக்குப் பின்னால் நின்று உண்மை சொன்ன மனுஷன், மூன்றாவதில் நடுக்கூடத்தில் நின்று பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். அதற்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்.

மாமா கல்யாணம் முடிந்து திரும்பிப் போனார். பல வருஷம் இருந்தார். கப்பலில் துரு தட்டுகிற சத்தத்தில் ஒரு காது மந்தமான பிறகுதான் ஊரோடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து ஒரு கடகடப் பாட்டும் வரவில்லை. தென்னந்தோப்பு, மோட்டார், கோயில். ஆள் நல்ல ஆள்தான். யாராவது பழைய கேசட்டைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே அந்த மந்தக் காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்.

சாமியை இழுத்துப் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மாரியம்மனுக்கு நான் வருஷா வருஷம் விரதமிருந்து பால்குடம் எடுக்கிறவள். அந்தத் தவிலை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அது எதற்கு அடிக்கிறார்கள்? ஆத்தா, நான் இங்கே எரிகிறேன் பார் என்று சொல்லத்தானே நெருப்பில் இறங்குகிறோம்? மாமா அங்கே இறங்கியிருந்தார். நம் மேளத்தை அடித்துக்கொண்டே இறங்கியிருந்தார். அது சாமி குற்றமென்றால் நான் எடுத்த பால்குடம் அத்தனையும் குற்றம். எந்தச் சன்னதியில் நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

போன மாதம் திருக்கடையூரில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். கலசத் தண்ணீர் ஊற்றி, தாலி கட்டி, எல்லாம் நிறைவாக நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா முட்டிவலிக்காகப் பெஞ்சில். மாமா கீழே ஜமக்காளத்தில், மாலையோடு. பிள்ளைகள் ஸ்பீக்கரில் மூன்றாவது கேசட்டைப் போட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, இன்று மருமகள் எடுத்தவள், "மொத கேசட்டப் போடுங்கடா, எங்க ஆடு வரும்" என்றாள். மறுபடியும் சண்டை ஆரம்பித்தது. என் மகன் மாமாவிடமே கேட்டுவிட்டான்.

"ரெண்டாவத நீங்களே அழிச்சிட்டீங்களாமே தாத்தா? அவ்வளவு சுமாராவா இருந்துச்சு?"

மாமா சிரித்தார். காதைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "ஸ்பீக்கர நிறுத்துடா" என்றேன். நிறுத்தினான். லாரி மேல நிக்கிறேன் என்று தொடங்கினேன். எனக்குப் பாட வராது. குரல் பிசிறு தட்டும். சம்பந்தி வீட்டார் எல்லாம் பார்க்கிறார்கள், என் வீட்டுக்காரர் தரையைப் பார்க்கிறார். நான் நிறுத்தவில்லை.

கரும்புகைக்கு வரும்போது ஒரு சத்தம் கேட்டது. மாமா வெற்றிலைத் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து, வெற்றிலையைக் கீழே தள்ளிவிட்டு, விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கோயில் அடி. அதே சுற்று. சுற்று முடிகிற இடத்தில் 'டக்' என்று மோதிரத்தால் ஒரு தட்டு.

வேரு புடிக்குமா வரைக்கும் வந்தேன். அடுத்த வரி எனக்கு இல்லை. மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் இல்லை. தலையை ஆட்டினார். ஆனால் கை நிற்கவில்லை. அந்த வரிக்கு உண்டான இடம் முழுக்கத் தாம்பாளம் மட்டும் பேசியது. அது முடிந்ததும் கடைசி இரண்டு வரியைச் சொன்னேன். வரப்பு மேல ஓரமா எனக்கு எடம் இருக்குமா.

முதலில் அம்மாதான் பேசினாள். அழவில்லை, கோபமாகக் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, இத பேசுற எடத்துல சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேசுற எடத்துல ரூமே உக்காந்திருந்துச்சேக்கா. அழுது பேசுனா சிரிப்பானுங்க. பாட்டுன்னா கண்டுக்க மாட்டானுங்க."

"நான் பாட்டுன்னுல்லடா நெனச்சேன். கேக்கவே இல்லடா நாங்க. மொத வரியிலயே நிறுத்திட்டாரு உங்கத்தான்."

மாமா தாம்பாளத்திலிருந்து கையை எடுத்தார்.

"கேக்கலியா?"

"கேக்கலடா."

"நான் கேட்டுட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. என் பேச்சு மேலயே பேசி அனுப்பிட்டீங்களா, அதான் பதிலுன்னு நெனச்சுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். நல்ல காது என் பக்கம் இருந்தது. "எல்லாரும் பேசுனாங்க. பாப்பா மட்டும் பேசல. அந்த எடத்துல ஒரு கோழி கத்துச்சு. அத மட்டும் திருப்பித் திருப்பிக் கேப்பேன்."

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். ஓரமாக ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள். மாமா மாலையோடு எழுந்து போய் அங்கே உட்கார்ந்தார்.

இதுதான் நடந்தது. இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. இரண்டாவது கேசட் சுமாராக வந்ததால் அழிக்கப்படவில்லை. அதுதான் மூன்றிலும் உசத்தி. அதைப் புரிந்துகொள்ளாமல் அழித்தது நாங்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், போனில் போடுங்கள், யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். என் அம்மாவை நல்லவளாக்குவதற்காக எதையும் குறைக்காதீர்கள், அவள் குறைக்கச் சொல்லவில்லை. கீபோர்டு சேர்க்காதீர்கள். வேரு புடிக்குமா என்பதற்கு அடுத்து ஒரு வரி காணவில்லை அல்லவா? உங்களில் கெட்டிக்காரர்கள் யாராவது அதை எழுதி நிரப்பிவிடலாம் என்று நினைப்பீர்கள். நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் கையில் எது இருக்கிறதோ அதைத் தட்டுங்கள். அந்த வரி அளவுக்குத் தட்டிவிட்டு, பிறகு சொல்லுங்கள், வந்துடறேன் அக்கா என்று.